இரத்த ஓட்டத்தைக் குழாய்ச் சுவர் எப்படி உணர்கிறது? விளக்க உதவி தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். டயாலிசிஸுக்காக என் தந்தையின் இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்து 6 வாரங்கள் ஆகின்றன. விரலை வைத்தால் தேனீயின் ரீங்காரம் போன்ற அதிர்வு தெரிகிறது. மெலிந்திருந்த சிரை இன்று சுண்டுவிரல் பருமனுக்குத் தடித்திருக்கிறது. "ரத்தம் கூடுதலாக ஓடுவது அந்த நரம்புக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். அவருக்கு முழுமையான பதில் சொல்ல விரும்புகிறேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான்: குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காகப் போர்த்தியிருக்கும் எண்டோதீலிய செல்கள், ஓடும் இரத்தம் தம்மீது உரசுவதால் ஏற்படும் சறுக்குப்பெயர்ச்சித் தகைவை, 2010இல் கண்டறியப்பட்ட பியெசோ1 உள்ளிட்ட புரதங்களால் உணர்ந்து, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, சுற்றியுள்ள மென்தசையைத் தளர்த்துகின்றன. உள்ளடுக்கைச் சுரண்டி நீக்கிய முயலின் பெருந்தமனி, வழக்கமாகக் குழாயை விரிக்கும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்கு விரியவில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபர்ச்காட் 1980இல் காட்டியதே இந்த அறிவின் தொடக்கம். எளிமையும் அழகும் நிறைந்த சோதனை அது.

ஆனால் நைட்ரிக் ஆக்சைடு சில நொடிகளில் மறைந்துவிடுகிறது. அப்படியிருக்க, தற்காலிகமான அந்தத் தளர்வு, வாரக்கணக்கில் சுவரையே திருத்தியமைக்கும் நிலையான மாற்றமாக எவ்வாறு மாறுகிறது? மேலும், சீரான ஓட்டம் செல்களைக் காக்கும்போது, கழுத்துத் தமனி கிளைக்கும் இடத்தில் முன்னும் பின்னும் அலையும் ஓட்டம் கொழுப்புப் படிவுக்கு இடம்கொடுப்பது ஏன்? ஓட்டத்தின் திசையைச் செல் எதைக் கொண்டு அறிகிறது?

உடலியங்கியல் அறிந்த மருத்துவர்களும் ஆசிரியர்களும், என் தந்தைக்கு வாசித்துக் காட்டும்படியான எளிய தமிழில் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.