மறுமொழி: மரவீடா, மரச்சட்டக வீடா?

> 'மரவீடு' என்றே எழுதலாமே. எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். மரங்களைக் கோத்த கூடே பாரத்தைத் தாங்கும் பழைய ஜெர்மன் வீடுகளுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதானே பேச்சு? மரவீடு என்றால் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். மரவீடு என்றதும் எனக்கு ஏற்காட்டு விடுதிகளின் பலகைக் குடில்தான் கண்ணில் நிற்கிறது. நீங்கள் மொழிபெயர்க்கும் குவெட்லின்பர்க் (1994இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஜெர்மன் ஊர்) வீடுகள் அந்த ரகமில்லை. தூண், உத்திரம், சாய்வுக்கட்டை எல்லாவற்றையும் துளையும் நாக்குமாகக் கோத்து மரமுளை அடித்திருப்பார்கள். கூரையின் பாரம் அந்த மரத்தின் தலையில். இடையில் வரிச்சு கட்டி மண் அப்பியதும் செங்கல் அடுக்கியதும் வெறும் அடைப்பு.

> குழுமத்தில் ஓர் அம்மா சொன்ன 'மரத்தூண் வீடு'?

அதுவும் சரிவராது. செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றி நாலு தேக்குத் தூண் உண்டு. ஆனால் உத்திரத்தின் மறுமுனை சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தது. சுவர் போனால் வீடும் போச்சு.

எலும்புக்கூடு மாதிரி 'மரக்கூட்டு வீடு' என்று நானே எழுதிப் பார்த்தேன். வீட்டில் வாசித்துக் காட்டியதும், "முருங்கைக்காய்க் கூட்டு தெரியும், இதென்ன மரக்கூட்டு?" என்றார்கள். விட்டுவிட்டேன். இன்னொரு யோசனையான 'சட்டக்கட்டு', கல்கட்டு, செங்கல்கட்டு வரிசையில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'சட்டக்கட்டு வீட்டுப் பாதுகாப்புச் சட்டம்' என்று எழுத நேரும்போது யார் சிரிப்பை அடக்குவது? அதோடு சட்டம் என்பது ஒற்றைக் கட்டை. பூட்டி நிற்கும் முழு உருவம் சட்டகம். என் வாக்கு 'மரச்சட்டக வீடு'க்கு.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடைப்புக்கான சொல். ஜெர்மன்காரர்களின் 'ஃபாக்வெர்க்' என்ற பெயரே மரங்களுக்கு நடுவிலுள்ள கட்டங்களை வைத்து வந்தது. காஷ்மீரில் இதே வகைக் கட்டுமானத்துக்கு 'தஜ்ஜி தேவாரி' என்று பெயர். ஒட்டுத்துணி தைத்த மாதிரியான சுவர். 2005 நிலநடுக்கத்தில் அப்படிப்பட்ட வீடுகள் நன்றாகவே தாக்குப்பிடித்தன. மரங்களுக்கு நடுவிலுள்ள அந்த அடைப்பை நாம் 'அடைசுவர்' எனலாமே? ஊறுகாய் போல வினைத்தொகை. எதிர்ச்சொல்லாக, பாரம் சுமக்கும் சுவருக்குத் 'தாங்குசுவர்' கூடவே வந்துவிடும்.

சுவர் என்று மட்டும் எழுதினால் படிக்கிறவர் சுவரைக் காப்பாற்றத்தான் நினைப்பார். பூச்சு உதிர்கிறதா, சிமெண்ட் பூசு என்பார். அங்கேதான் வினை. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. மரமும் பூச்சும் சேரும் இடத்தில் விரிசல் விட்டு, மழைநீர் உள்ளே இறங்கி, தரையையொட்டிக் கிடக்கும் அடிக்கட்டை முதலில் உளுத்துப்போகும். அடைசுவரை மாற்றலாம், சட்டகத்தில் முடிந்தவரை கைவைக்கக் கூடாது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

இன்னொன்று பாக்கி. உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தில் புதுத்துண்டு செதுக்கிச் சேர்க்கிறார்களே, அதற்கு என்ன சொல்? 'ஒட்டுப்போடுதல்' என்றால் பஞ்சர் கடை ஞாபகம் வருகிறது. குழுமத்தில் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் இருந்தால், பட்டறையில் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.