புதுப்பிப்பு: ஃபெதர்ஸ்டன்ஹா குடும்பப் பெயருக்கு விடை கிடைத்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அமெரிக்க அரசின் முதல் புவியியலாளர் ஜார்ஜ் வில்லியம் ஃபெதர்ஸ்டன்ஹா (1780–1866) பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும்போது, இந்த அரிய ஆங்கிலக் குடும்பப் பெயருக்கும் இறகுக்கும் (ஆங்கிலத்தில் 'ஃபெதர்') என்ன தொடர்பு என்று கேட்டிருந்தேன்.

"இறகை விடுங்கள், ஊர்ப்பெயரைத் தேடுங்கள்" என்று ஒரு நண்பர் சொன்னதுதான் பலித்தது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், சவுத் டைன் ஆற்றங்கரையில் ஃபெதர்ஸ்டன் என்ற இடம் இருக்கிறது, கோட்டையும் உண்டு. பெயர் அங்கிருந்து வந்ததுதான். முன்பகுதி இறகே இல்லை! பழைய ஆங்கிலத்தில் 'ஃபெதர்' கூட்டுச்சொற்களில் நான்கைக் குறிக்கும், 'ஸ்டான்' கல். ஆக, நான்கு கற்கள் நின்ற இடம். கடைசியில் வரும் 'ஹா', வடக்கு வழக்கில் ஆற்றோரச் சமவெளி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நம் ஊர்ப்பெயர்கள் போலவே நிலத்தைச் சொல்கிறது.

எதிர்பாராதது உச்சரிப்பு. இத்தனை எழுத்துகளையும் பலர் 'ஃபேன்ஷா' என்றே சுருக்கிச் சொல்கிறார்கள். அப்புறம், தேடுபவர்கள் கவனிக்க: ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றல்ல. முழு வடிவம் Featherstonehaugh. புவியியலாளர் பெயரில் நடுவில் ஒரு 'e' குறைவு (Featherstonhaugh). சசெக்ஸில் 1747-இல் அப்பார்க் மாளிகையை வாங்கிய சர் மேத்யூ ஃபெதர்ஸ்டன்ஹா பெயரில் முதல் 'a'வும் இல்லை (Fetherstonhaugh). நான் ஒரே வடிவத்தில் தேடியதால்தான் முதலில் தவறவிட்டேன்.