‘ரீட்-ஒன்லி’, ‘ரைட்-புரொடெக்ட்’: ஒரே சொல் போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

‘ரீட்-ஒன்லி’ (read-only), ‘ரைட்-புரொடெக்ட்’ (write-protect) என்ற இரண்டு கணினிச் சொற்களையுமே தமிழில் ‘படிக்க மட்டும்’ என்று போட்டுவிடலாம், பயனருக்கு எல்லாம் ஒன்றுதானே என்று இந்த இழையில் ஒரு யோசனை வந்திருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இவை வேறு வேறு.

முதலாவது, வட்டிலுள்ள கோப்பு முறைமையை எப்படி ஏற்றினோம், அதாவது பயன்பாட்டுக்கு இணைத்தோம் என்பது. ஏற்றுவதற்கான மவுண்ட் கட்டளையில் ‘ஆர்ஓ’ (ro, ரீட்-ஒன்லியின் சுருக்கம்) கொடுத்து ஏற்றினால், அங்கே எழுதப் போகும் நிரலுக்கு 30 ஆம் எண் பிழை திரும்பும். இரண்டாவது, சாதனத்தின் நிலை. யூஎஸ்பி வட்டைச் செருகியதும் வட்டுகளைக் கையாளும் கெர்னல் பகுதியான ஸ்கஸி (SCSI) வட்டு இயக்கி ‘மோட் சென்ஸ்’ கட்டளை அனுப்பி அதன் நிலையை விசாரிக்கும். பதிலில் அதற்கான பிட் 1 என்று வந்தால், இந்த வட்டில் எழுதக்கூடாது என்று குறித்துக்கொள்ளும். கெர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் (dmesg) ‘ரைட் புரொடெக்ட் ஈஸ் ஆன்’ என்று வருவது அதுதான்.

வேறுபாடு எங்கே கடிக்கும் என்றால், ஈஎக்ஸ்டி4 (ext4) என்ற கோப்பு முறைமையில். சரியாக மூடப்படாத வட்டை ‘ஆர்ஓ’ என்று ஏற்றினாலும், சாதனம் இடம்கொடுத்தால் கெர்னல் முதலில் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவை) ஓட்டிச் சீர்செய்யும். அதாவது, வட்டில் எழுதும்! ஜர்னலைத் தொடாதே என்று சொல்லும் ‘நோலோட்’ (noload) விருப்பத்தையும் கட்டளையில் சேர்த்தால்தான் நிற்கும். சாதனமே எழுத விடாது என்றால் ஜர்னலை ஓட்ட வழியில்லை, ஏற்றவே மறுத்துவிடும். வட்டுகளைச் சாட்சியமாக ஆராயும் தடயவியலாளர்கள், எழுதுவதைத் தடுக்கும் வன்பொருளைத் தனியாக இடையில் பொருத்துவது இதற்காகத்தான். அவர்களிடம் போய் இரண்டுக்கும் ‘படிக்க மட்டும்’ என்று சொன்னால், சாட்சியமே மாறிவிடக்கூடும்.

பயனருக்கும் ஒன்றல்ல. வட்டில் பிழை கண்டு கெர்னலே ‘ஆர்ஓ’வுக்கு மாற்றியிருந்தால் பார்க்க வேண்டியது வட்டின் நலம். எஸ்டி அட்டையின் பக்கவாட்டுப் பொத்தான் இறங்கியிருந்தால் அதை மேலே தள்ளிவிட்டால் போதும். (அந்தப் பொத்தான் அட்டையின் சுற்றுக்குத் தெரியாது, படிப்பான்தான் கவனித்துச் சொல்கிறது.)

ஆகவே, ஏற்றும் விதத்துக்கு ‘படிக்க மட்டும்’ இருக்கட்டும். சாதன நிலைக்கு ‘எழுதுதடை’ என்பதை முன்வைக்கிறேன். எழுதுகோல், எழுதுபொருள் போல வினைத்தொகை, இயல்பாக ஒட்டுகிறது. ‘எழுத்துப் பாதுகாப்பு’ என்றால் மறைகுறியாக்கம் போலத் தோன்றுகிறது. ‘எழுதுதடை: உண்டு’, ‘எழுதுதடை: இல்லை’ என்று பதிவேட்டு வரியிலும் அடங்கும்.

ஆலையிலேயே தரவை அச்சிட்டு வரும் குறுந்தகட்டுக்கு இது பொருந்தாது. அங்கே தடுக்க எதுவுமில்லை, எழுதவே இயலாது. அதற்கு ‘எழுதவியலா ஊடகம்’ சரிவருமா? உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.