டிராக்டர் கொக்கி உயரமும் முன்சக்கரம் தூக்குவதும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரும்புத்தோட்டம் (விழுப்புரம் பக்கம்):
போன அரவைப் பருவத்தில் பார்த்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ராத்திரி, கரும்பு லோடு, வயலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் மேடு. வண்டி பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. டிரெய்லரின் இழுவைச் சட்டம் உயரமாக இருக்கிறது என்று, டிராக்டரில் டாப் லிங்க் (கலப்பையை மேலே பிடிக்கும் கம்பி) மாட்டும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு தகட்டை வெல்டிங் வைத்து அதில் பின் (இணைக்கும் இரும்பு முளை) போட்டிருந்தார்கள். டிரைவர் பையன் முதல் கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டான். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டிலிருந்து எழும்பி எதிரே நின்ற பனைமரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. காய்ந்த மட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அவன் கால் எப்படியோ கிளட்சை எட்டிவிட்டதால் வண்டி திரும்பத் தரையில் விழுந்தது. இல்லையென்றால் மல்லாக்க விழுந்து அவன் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் டிரெய்லர், தண்ணீர் டேங்கர் இரண்டும் வெவ்வேறு உயரம். உயரம் மாற்றக்கூடிய கொக்கி ஒன்று செய்ய வேண்டும். செய்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆத்தூர் லேத்:
தகட்டைப் பின்னச்சுக்கு மேலே வைத்ததுதான் முக்கியக் காரணம். எங்கள் பட்டறைக்கு ஒருவர் உடைந்த கொக்கி கொண்டுவந்தார். நீங்கள் கேட்கும் உயரம் மாற்றும் வகைதான், ஆனால் ஒற்றைத் தகடு. பின் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தப் பின்னை விரலால் தடவினால் நடுவில் படி மாதிரி தேய்மானம், படியின் ஓரத்தில் மயிரிழை விரிசல். லோடு ஏற்றத்தில் கழன்று பின்னால் உருண்டு வாய்க்காலில் போய் நின்றதாம். பின்னால் ஆள் இல்லாதது அவர்கள் புண்ணியம்.

நான் செய்தால் இரண்டு பக்கமும் தகடு, பின் இரண்டிலும் தாங்க வேண்டும். தகடுகளை அச்சுக்குக் கீழே கம்பெனி கொடுத்திருக்கும் டிராபார் (இழுவைக் கம்பி) துளைகளில் போல்ட் போட்டுப் பிடிப்பேன், அச்சு உறை (ஹவுசிங்) மேல் வெல்டிங் வைக்க மாட்டேன். போல்ட் 8.8 கிரேடுக்குக் (போல்ட்டின் பலத்தைக் காட்டும் எண்) குறையக் கூடாது. மறை வெட்டிய பகுதி தகட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சுமை வழவழப்பான உடம்பில்தான் விழ வேண்டும். பின் இஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) கம்பியில் கடைவது, அதில் வெல்டிங் தொடவே கூடாது. சாதா இரும்பைவிடக் கார்பன் அதிகம், சூடேறி ஆறினால் அந்த இடம் இறுகி எளிதில் உடையும். முக்கியமாக, மேல் துளை பின்னச்சின் மையத்துக்குக் கீழேயே முடிந்துவிட வேண்டும். துளை இருந்தால் ஒருநாள் யாராவது அதில் மாட்டுவார்கள்.

வெண்ணாற்றங்கரை:
எங்கள் பக்கம் நடந்தது வேறு. சேற்று உழவில் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. யாரோ ஒரு கட்டையைக் கொண்டுவந்து இரண்டு பின்சக்கரத்துக்கும் குறுக்கே, முன்புறமாக வைத்துச் சங்கிலியால் கட்டினார்கள். கட்டையைப் பிடித்துச் சக்கரம் ஏறிவிடும் என்று நினைப்பு. ஆக்சிலேட்டர் கொடுத்ததும் சக்கரம் சுற்றவில்லை, வண்டியின் உடம்பு சுற்றியது. மூக்கு நேராக வானத்தைப் பார்த்தது. ஓட்டினவர் பக்கவாட்டில் சேற்றில் குதித்துத் தப்பித்தார். அந்தச் சேறு தெறித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

டிப்பர் ஓனர்:
கட்டை கட்டின கதைக்கும் கொக்கிக்கும் என்ன சம்பந்தம்? தம்பி கேட்டது கொக்கி. ஐந்து மூட்டை மணலை முன்பக்கம் கட்டுங்கள், எல்லாம் சரியாகும். நான் வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓட்டுகிறேன். அப்புறம் டிரைவர்களுக்கு ஒன்று: ரோட்டில் இடது, வலது சக்கரத்துக்கான இரண்டு பிரேக் பெடலையும் தாழ்ப்பாள் போட்டு ஒன்றாக இணைத்தே ஓட்டுங்கள். டிரெய்லருக்குப் பிரேக் இல்லாவிட்டால் இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். டிரெய்லர் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். கரும்பு லோடு பின்விளக்கை மறைத்துவிடும், ராத்திரியில் பைக்கில் வருபவர்கள் மோதுவது அதனால்தான். டயர் காற்றும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
சம்பந்தம் இருக்கிறது அண்ணே. இரண்டிலும் ஒரே விசைதான். சக்கரம் முன்னே போக முடியாதபோது இஞ்சின் பலம் உடம்பைத் தூக்குகிறது. முதலாவதில் லோடு தடுத்தது, இரண்டாவதில் கட்டை தடுத்தது.

ஒஹாயோவில் ஒருவன்:
இங்கே அமெரிக்காவில் கோடைக்காலத்தில் ஊர்த் திருவிழா மாதிரி கவுண்டி ஃபேர் நடக்கும். அதில் டிராக்டர் இழுவைப் போட்டி உண்டு. இழுக்கப்படும் ஸ்லெட்டில் (பாரம் ஏற்றிய சறுக்கு மேடை) இருக்கும் எடைப்பெட்டி, வண்டி நகர நகர முன்னால் ஏறி வரும். அதனால் பாரம் கூடிக்கொண்டே போகும். 300 அடி இழுத்தால் முழு இழுவை. பழைய டிராக்டர் பிரிவில் ஒரு பெரியவர் வந்தார், வண்டி பளபளவென்று இருந்தது. பரிசோதகர் கொக்கியைக் கையால் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான், களத்துக்குள் விடவில்லை. பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை, ஸ்பேனர் எடுக்கப் போய்விட்டார்.

அங்கே பல பிரிவுகளில் கொக்கி தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எந்தப் பக்கமும் அசையக் கூடாது. பின்னச்சு மையத்திலிருந்து குறைந்தது 18 அங்குலம் பின்னால் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குக் காரணம் உண்டு: முன்பக்கம் தூக்கும்போது பின்னால் தள்ளி இருக்கும் கொக்கி கீழே இறங்கும், இறங்க இறங்கத் தூக்கும் விசை குறையும். அச்சுக்கு மேலே ஒட்டி வைத்த கொக்கி அப்படி இறங்காது. பின்னால் சக்கரம் வைத்த தாங்கு சட்டமும் மாட்டுவார்கள், வண்டி ஓரளவுக்கு மேல் தூக்கினால் அது தரையில் ஊன்றிக்கொள்ளும்.

டிப்பர் ஓனர் ஐயா சொன்ன மணல் மூட்டைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர், இழுவிசை 1000 கிலோ என்று வைப்போம். கொக்கி 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்சக்கரத்திலிருந்து 250 கிலோ பாரம் பின்னால் போகும். 1 மீட்டர் உயரத்தில் 500 கிலோ. நம்மூர் 2 டன் வண்டிக்கு முன்சக்கரத்தில் 700, 800 கிலோதான் இருக்கும்.

டிப்பர் ஓனர்:
போட்டி வேறு, லோடு வேறு தம்பி. ஸ்லெட் சங்கிலியில் இழுபடுகிறது. எங்கள் இரண்டு சக்கர டிரெய்லர் கொக்கி மேலேயே பாரத்தை வைக்கிறது. அதை உங்கள் கணக்கில் சேர்த்தீர்களா?

ஒஹாயோவில் ஒருவன்:
சேர்த்தால் இன்னும் மோசம் ஐயா. அச்சுக்கு 70 செ.மீ. பின்னால் 500 கிலோ அழுத்தினால் முன்னாலிருந்து மேலும் 175 கிலோ போகும். உயரக் கொக்கியும் இதுவும் சேர்ந்தால் 675. மேட்டில் முன்சக்கரத்துக்கு மிச்சமே இருக்காது. ஐந்து மூட்டை மணல் 250 கிலோ, அது கைகொடுக்கும், ஆனால் உயரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை. போட்டி வேறு, லோடு வேறு என்று நீங்கள் சொன்னது கொக்கியின் நீளத்தில் சரி: கொக்கி மேல் பாரம் விழும் வண்டிக்கு டிராபாரை ரொம்ப வெளியே நீட்டக் கூடாது.

கரும்புத்தோட்டம்:
எல்லோருக்கும் நன்றி. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசினேன். தகட்டை வெட்டிவிடச் சம்மதித்தார். ஆனால் டிரெய்லர் சட்டம் உயரமாகவே இருக்கிறதே, கொக்கியைக் கீழே இறக்கினால் டிரெய்லர் மூக்கு குத்தி நிற்காதா என்கிறார். ஆத்தூர் அண்ணே, இதற்கு என்ன வழி?

ஆத்தூர் லேத்:
தகட்டை வெட்டியபின் டிராக்டரில் வேறெதையும் தொட வேண்டாம், டிரெய்லர் சட்டத்தில் மாற்றம் செய்யுங்கள். சட்டத்தின் முனையில் இருக்கும் வளையத்தை எடுத்துவிட்டு, கீழ்நோக்கி இரண்டு தகடு இறக்கி அதில் வளையத்தைப் போல்ட் போட்டு மாட்டலாம். உள்பக்கம் குறுக்குத் தாங்கல் கட்டாயம், இல்லாவிட்டால் இழுக்கும்போது தகடு முன்னால் மடங்கும். உங்கள் டிரெய்லர், டேங்கர் இரண்டுக்கும் அதே உயரத்தில் செய்துவிட்டால் உங்களுக்கு உயரம் மாற்றும் கொக்கியே தேவைப்படாது. லோடு இல்லாமல் சமதரையில் நிறுத்தி, தரையிலிருந்து வளையம் வரையும் டிராபார் வரையும் அளந்து இங்கே போடுங்கள், தகடு எவ்வளவு நீளம் என்று சொல்கிறேன்.