வீசிங் நின்று 3 வருடம், ஆனால் ரிப்போர்ட்டில் 0.74: இது நார்மலா?

தென்றல்77:
மகளுக்கு 17 வயது. 5 வயதிலிருந்து ஆஸ்துமா. 3 வருடமாக வீசிங்கும் இல்லை, இன்ஹேலரும் இல்லை. போன வாரம் எடுத்த ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் டெஸ்ட்): எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று) 2.45 லிட்டர் (எதிர்பார்க்கும் அளவில் 84%), எஃப்விசி (முழுதாக ஊதும் மொத்தக் காற்று) 3.31 லிட்டர் (102%), இரண்டின் விகிதம் 0.74. கீழே "நார்மல்" என்று போட்டிருக்கிறது. ஆஸ்துமா போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

ஊதுகுழல்:
0.70-க்கு மேலே இருந்ததால் "நார்மல்" போட்டிருப்பார்கள். அது வயதானவர்களின் சிஓபிடிக்கு (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வைத்த கோடு. 17 வயதில் 0.85-ஐ ஒட்டியோ மேலேயோ இருக்க வேண்டும், 0.74 குறைவுதான். விகிதத்தின் இசட்-ஸ்கோரை (அதே வயது, உயரத்தவரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் எண்) பாருங்கள், −1.64-க்குக் கீழே என்றால் மூச்சுக்குழாயில் அடைப்பு. 84%-ஐ மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

ஊதிய விதமும் முக்கியம். தயங்கித் தயங்கி ஊதத் தொடங்கினால் எஃப்இவி1 குறையும், விகிதம் வீணாக இறங்கும். பாதியில் நிறுத்தினால் எஃப்விசி குறைந்து விகிதம் பொய்யாக ஏறும். குறைந்தது 3 நல்ல ஊதல் வேண்டும். முதல் இரண்டு சிறந்த அளவுகளுக்கு இடையே 150 மி.லி.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

மறுபடி எடுக்கும்போது மருந்துக்கு முன்னும் பின்னும் கேளுங்கள்: சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து) பஃப்புக்கு 100 மைக்ரோகிராம், 4 பஃப், ஸ்பேசரில் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) ஒவ்வொன்றாக, 15 நிமிடம் கழித்து ஊதல். எஃப்இவி1 12 சதவீதமும் 200 மி.லி.யும் ஏறினால், அதாவது உங்கள் மகளுக்கு 2.75 லிட்டர் அளவுக்கு வந்தால், ஆஸ்துமா உள்ளே இருக்கிறது. ஏறவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தென்றல்77:
இன்ஹேலரை நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா?

மூச்சுக்கணக்கு:
அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்கா, கனடாவில் 1,041 குழந்தைகளை வைத்து நடந்த கேம்ப் என்ற குழந்தை ஆஸ்துமா ஆய்வில் புடசொனைடு (வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்) தினமும் 2 வேளை, வேளைக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். அட்டாக் குறைந்தது. ஆனால் நுரையீரல் வளர்ச்சி, மருந்தில்லாத போலி இன்ஹேலர் (பிளாசிபோ) எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. அவர்களில் 684 பேரைப் பின்னாளில் பார்த்தபோது, இளம் வயதிலேயே 11 சதவீதம் பேரின் ஸ்பைரோமெட்ரி சிஓபிடி அளவைத் தொட்டிருந்தது. இருபதுகளின் முதல் பாதியில் எஃப்இவி1 உச்சத்தைத் தொட்டு, பிறகு எல்லோருக்கும் இறங்கும். உச்சமே தாழ்வு என்றால் இறக்கமும் தாழ்விலிருந்துதான் தொடங்கும்.

வீசிங் நின்றதை நம்பி இருக்கவும் வேண்டாம். நியூசிலாந்தின் டுனெடினில் 1972-73-இல் பிறந்தவர்களை 26 வயதுவரை தொடர்ந்ததில், 12.4 சதவீதம் பேருக்கு நின்ற வீசிங் திரும்பி வந்தது. தூசிப்பூச்சி அலர்ஜி இருந்தவர்களுக்கும் சின்ன வயதிலேயே தொடங்கியவர்களுக்கும் அது அதிகம்.

ஊதுகுழல்:
நெஞ்சக நோய் மருத்துவரிடம் எண்களோடு கிராஃபையும் காட்டுங்கள். வீசிங் திரும்பினால் வெறும் சால்பியூட்டமாலோடு சமாளிக்காமல், தேவைப்படும்போது எடுக்கும் புடசொனைடு-ஃபார்மோட்டிரால் (ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்த இன்ஹேலர்) பற்றிக் கேளுங்கள். டெஸ்ட்டை வருடம் ஒருமுறை, முடிந்தால் அதே லேபில்.