பறக்கும் புலிகளுக்குப் படைவீரர் தகுதி வழங்கியது சரியா?

அருள்மொழி:

1941, 1942-ஆம் ஆண்டுகளில் சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வக் குழுவினரை, அதாவது ‘பறக்கும் புலிகள்’ என்று பெயர்பெற்ற அந்த விமானிகளை, அமெரிக்க அரசு 1991-இல் தன் சொந்தப் படையில் பணியாற்றியவர்களாகவே ஏற்றுக்கொண்டது. 1996-இல் விமானிகளுக்குச் சிறப்புப் பறத்தல் சிலுவை என்னும் பதக்கத்தையும் தரைப்பணியாளர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கத்தையும் வழங்கியது. இந்த முடிவு தவறு என்பது என் உறுதியான கருத்து.

அவர்கள் துணிவற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் எந்த ஏற்பாட்டின்கீழ் சென்றார்கள் என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அமெரிக்கத் தரைப்படை, கடற்படை, மரைன் படை ஆகியவற்றிலிருந்து விலகி, ஒரு தனியார் விமான நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாத ஊதியம் 600 டாலர் முதல் ஸ்குவாட்ரன் (விமான அணி) தலைவருக்கு 750 டாலர் வரை. அந்நாளில் ஓர் இளம் விமானிக்குச் சொந்தப் படையில் கிடைத்ததைப்போல் இது இரண்டு, மூன்று மடங்கு. அதற்கு மேல், வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் தருவதாக வாய்மொழி உறுதியும் அளிக்கப்பட்டது, பின்னர் சீன அரசு அதைக் கொடுக்கவும் செய்தது. ஒரு விமானத்தை வீழ்த்தினால் இவ்வளவு என்று விலை வைத்த பிறகு, அதைப் படைச்சேவை என்று எப்படிச் சொல்வது?

அதே காலத்தில் பிரிட்டனுக்குச் சென்ற அமெரிக்கர்களை நினைத்துப் பாருங்கள். ஆண்ட்ரூ மாமெடாஃப், யூஜின் டோபின், வெர்னான் கியோ ஆகிய மூவரும் பிரான்சுக்காகப் போரிடக் கடல் கடந்தார்கள். பிரான்சு வீழ்ந்ததும் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்று அந்நாட்டு விமானப்படையின் சீருடையை அணிந்து, அந்தப் படையின் வழக்கமான ஊதியத்துக்கே பறந்தார்கள். 1941 அக்டோபர் முடிவதற்குள் மூவரும் மாண்டுவிட்டார்கள். இவர்களுக்கும் ஒப்பந்த விமானிகளுக்கும் வேறுபாடே இல்லை என்று ஓர் அரசு முடிவெடுப்பது, முன்னவர்களுடைய தியாகத்துக்குச் செய்யும் அநீதி.

செந்தில்நாதன்:

நண்பர் அருள்மொழி அவர்கள் ஊதியப் பட்டியலிலிருந்து தொடங்குகிறார். நான் குன்மிங் நகரத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

1937-இல் ஜப்பான் முழு அளவில் படையெடுத்த பிறகு, சீனாவின் விமானப்படை சில மாதங்களிலேயே சிதைந்துபோயிற்று. அதன்பின் சோவியத் ஒன்றியம் அனுப்பிய விமானிகள் சில ஆண்டுகள் தாங்கிப் பிடித்தார்கள். 1938 பிப்ரவரியில் தைவான்வரை பறந்து ஜப்பானிய விமானத்தளத்தின்மீது குண்டுவீசியதும் அவர்களே. சோவியத் உதவி விலகிக்கொண்ட பிறகு, யுன்னான் மாகாணத் தலைநகரான குன்மிங்கின்மீது ஹனோய் பக்கத்திலிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள் தடுப்பாரின்றிக் குண்டு வீசிவந்தன. நாள் பார்த்து, நேரம் பார்த்து வந்து கொன்றுவிட்டுப் போவார்கள். மக்கள் ஓடி ஒளிவதைத் தவிர வேறு வழியில்லை.

1941 டிசம்பர் 20-ஆம் தேதி பத்துக் குண்டுவீச்சு விமானங்கள் வழக்கம்போலக் காவல் விமானங்கள் இல்லாமலேயே வந்தன. அன்று வானில் காத்திருந்தவை சுறாமீன் வாய் வரைந்த பி-40 விமானங்கள். வந்தவற்றுள் குறைந்தது மூன்று திரும்பிச் செல்லவில்லை. அந்த வெற்றிக்குப் பின்னால், குழுவின் தலைவர் கிளேர் செனால்ட் பல ஆண்டுகளாக உருவாக்கிய முன்னறிவிப்பு வலை இருந்தது. மலைக்கிராமங்களில் தொலைபேசியோடும் வானொலிப் பொறியோடும் அமர்ந்திருந்த சீனர்கள், எதிரி விமானத்தின் ஒலி கேட்டதும் செய்தி அனுப்பினார்கள். ஜப்பானியச் சண்டை விமானங்களோடு சுழன்று போரிட்டால் பி-40 தோற்கும் என்பதைத் தன் விமானிகளுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். உயரத்திலிருந்து பாய், சுடு, அதே வேகத்தில் விலகிச் செல் என்பதே அவர் கற்பித்த பாடம். இதையெல்லாம் மாதக்கணக்கில் பர்மாவின் டவுங்கூ தளத்தில், மழையிலும் காய்ச்சலிலும் பயின்றார்கள். போர் தொடங்குமுன்பே மூன்று விமானிகள் பயிற்சியில் இறந்தார்கள்.

பணம் வாங்கினார்கள், உண்மை. எந்தப் படைவீரன் ஊதியம் வாங்காமல் போரிடுகிறான்? அவர்களுள் கடனைத் தீர்க்க வந்தவர்கள் இருந்தார்கள், சாகசத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள், ஆசியாவோடு பற்றுக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். டேவிட் ஹில் கொரியாவில் பணியாற்றிய ஒரு மதபோதகரின் மகன், அங்கேயே பிறந்தவர். பெரும்பாலோரிடம் இவை எல்லாமே கலந்திருந்தன என்றுதான் நான் நம்புகிறேன். மனத்தின் நோக்கத்தை எடைபோட்டுத் தகுதி வழங்குவதென்றால், உலகில் எந்தப் படைக்கும் பதக்கம் மிஞ்சாது.

கோதைநாயகி:

இருவரும் விமானிகளின் நோக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சட்டத்தின் பார்வையிலிருந்து இதைப் பார்த்தால் விவாதம் வேறு திசைக்குச் செல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நடுநிலை நாடுகளைப் பற்றிய 1907-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை ஒரு தெளிவான கோட்டைப் போடுகிறது. நடுநிலை நாட்டின் மண்ணில் போரிடும் தரப்புக்காகப் படை திரட்டவோ ஆள்சேர்க்கும் நிலையம் திறக்கவோ கூடாது என்கிறது நான்காம் பிரிவு. ஆனால் தனிமனிதர்கள் தனித்தனியே எல்லை கடந்து சென்று ஒரு தரப்பில் சேர்ந்தால் அதற்கு அந்த நாடு பொறுப்பாகாது என்கிறது ஆறாம் பிரிவு. அருள்மொழி அவர்கள் குறிப்பிட்ட மூவரும் ஆறாம் பிரிவுக்குள் அடங்குவார்கள். பறக்கும் புலிகளோ அப்படிச் சென்றவர்கள் அல்லர். ஆள்சேர்ப்பாளர்கள் அமெரிக்கப் படைத்தளங்களுக்குள்ளேயே அனுமதிக்கப்பட்டார்கள்; படைகளிலிருந்து விலக அரசே வழிசெய்தது; வேறு தொழில்களைக் குறிப்பிட்ட கடவுச்சீட்டுகளோடு அவர்கள் கப்பலேறினார்கள்; பிரிட்டனுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நூறு விமானங்கள் சீனாவுக்குத் திருப்பப்பட்டன. இதில் நடுநிலையை மீறியவர் யாரேனும் உண்டென்றால் அது வாஷிங்டன் அரசுதான்.

இங்கேதான் நாள்களின் வரிசை மிக முக்கியமாகிறது. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது டிசம்பர் 7. அமெரிக்கா போர் அறிவித்தது டிசம்பர் 8. இந்தக் குழுவின் முதல் சண்டையோ செந்தில்நாதன் அவர்கள் சொன்ன டிசம்பர் 20. ஆகவே, அமெரிக்கா நடுநிலையில் இருந்த நாள்களில் இவர்கள் ஒருமுறைகூட எதிரி விமானத்தோடு மோதவில்லை. சுடத் தொடங்கியபோது அவர்கள் ஜப்பானோடு போரிலிருந்த ஒரு நாட்டின் குடிமக்கள். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை கூலிப்படையினருக்கு விதித்திருக்கும் நிபந்தனைகள் அனைத்தும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவர் கூலிப்படையினர் ஆவார். போரிடும் நாடுகளில் எதற்கும் அவர் குடிமகனாக இருக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பின்னால் வந்த அந்தச் சட்டத்தை முன்தேதியிட்டுப் பொருத்திப் பார்த்தாலும் இவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள்.

தன் படையிலிருந்து திட்டமிட்டு விலகச்செய்து அனுப்பிய ஓர் அரசு, அந்த ஓராண்டையும் படைச்சேவையாகக் கணக்கிட மறுத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் காக்கவைத்தது என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

முத்துக்குமரன்:

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 1941 டிசம்பர் 23-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் ரங்கூன்மீது நடந்த குண்டுவீச்சை மறந்துவிட்டு இந்தக் குழுவை மதிப்பிட இயலாது. அந்த நகரின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள். தமிழரும் தெலுங்கரும் ஒடியரும் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்தார்கள். முதல் நாளில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று மிங்களடோன் தளத்திலிருந்து எழும்பிச் சென்றவை பிரிட்டனின் பஃபலோ விமானங்களும் இந்தக் குழுவின் ஒரு ஸ்குவாட்ரனும்தான். குழுவின் விமானிகளில் இருவர் அன்றே உயிரிழந்தார்கள். ரங்கூன் மார்ச்சில் வீழ்ந்தது, ஆனால் இடைப்பட்ட வாரங்களில் துறைமுகம் இயங்கியதால் கப்பலேறித் தப்பியவர்கள் பலர். நடந்தே அரக்கானையும் மணிப்பூரையும் கடந்தவர்களின் துயரம் நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது. அந்த வானத்தில் போரிட்டவர்களையும் சேர்த்துப் பேசுவோம்.

அருள்மொழி:

கோதைநாயகி அம்மையார் தந்த நாள்வரிசை வலுவானது. கூலிப்படை என்னும் சட்டக் குற்றச்சாட்டை நான் வைக்கவில்லை, இனியும் வைக்கமாட்டேன். என் மறுப்பு படைவீரர் தகுதியைப் பற்றியது. நாடு போரில் இறங்கிய பிறகும் இவர்கள் 1942 ஜூலை 4 வரை ஒப்பந்தத்தின்கீழேயே நீடித்தார்கள் என்பது அந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கவே செய்கிறது.

படைவீரனுக்கும் ஒப்பந்தக்காரனுக்கும் உள்ள வேறுபாடு, கட்டளை பிடிக்காதபோது என்ன செய்கிறான் என்பதில் தெரியும். 1942 ஏப்ரலில், தோற்றுக்கொண்டிருந்த சீனத் தரைப்படைக்கு மனவுறுதி ஊட்டுவதற்காகப் போர்முனையின்மேல் தாழப் பறக்கும்படி ஆணை வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட விமானிகள் விலகல் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பிரிட்டனின் ஈகிள் ஸ்குவாட்ரன்களில் இருந்த அமெரிக்கர்களுக்கு அப்படியொரு கடிதம் எழுதும் வாய்ப்பே இல்லை. 1942 செப்டம்பரில் அவர்கள் ஸ்குவாட்ரன்களாகவே அமெரிக்கப் படைக்கு மாறினார்கள். பறக்கும் புலிகளின் விமானிகளில் சீனாவிலேயே அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவில் உடனே சேர்ந்தவர்கள் ஐவர் மட்டுமே.

அடுத்து, வீழ்த்திய விமானங்களின் கணக்கு. குழுவுக்கு அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்படுவது 297. ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஏறத்தாழ 115 என்கிறது. ஒவ்வொன்றுக்கும் 500 டாலர் கிடைக்கும்போது கணக்கு ஏன் ஊதாது?

செந்தில்நாதன்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1940 செப்டம்பர் 15-ஆம் தேதி, ஒரே நாளில் 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் வீழ்ந்தவை 60 அளவில்தான். அங்கே யாருக்கும் தலைக்கு இவ்வளவு என்று பணம் தரப்படவில்லை, ஆனாலும் கணக்கு மும்மடங்கு ஊதியது. மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், ஒரே விமானத்தை மூவர் சுட்டு, மூவரும் அது புகையோடு கீழிறங்குவதைக் கண்டால், மூவரும் உண்மையையே சொன்னாலும் எண்ணிக்கை மூன்றாகிவிடும். பறக்கும் புலிகளின் கணக்கு மிகைப்பட்ட அளவு அதைவிட மோசமானதன்று. எனவே பணத்தை அதற்குக் காரணமாகக் காட்டுவது நிற்காது.

ஏப்ரல் கலகத்தைப் பற்றி: கையெழுத்திட்டவர்களுள் பெரும்பாலோர் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தொடர்ந்து பறந்தார்கள். மே 7-ஆம் தேதி சால்வீன் பள்ளத்தாக்கில், பாலம் தகர்ந்ததால் ஆற்றங்கரை மலைப்பாதையில் நெருக்கியடித்து நின்ற ஜப்பானியப் படையின்மீது ஹில்லின் தலைமையில் குண்டுவீசி, சீனாவுக்குள் அது நுழைவதைத் தடுத்தவர்கள் இவர்களே. தரையை ஒட்டிய தாக்குதல்தான் அதுவும். பயன் தெரிந்த பணிக்கு அவர்கள் மறுப்புச் சொல்லவில்லை.

ஐவர் மட்டுமே சேர்ந்தார்கள் என்பதும் முழு உண்மையன்று. ஆறு மாதங்களுக்கும் மேலாக ஓய்வின்றிப் போரிட்டுக் களைத்தவர்களிடம், விடுப்பில் வீட்டுக்குப் போக இடமில்லை, சேராவிட்டால் ஊர் திரும்பியதும் கட்டாய ஆள்சேர்ப்பு காத்திருக்கும் என்று அதிகாரிகள் மிரட்டும் தொனியில் பேசினார்கள். அப்படியிருந்தும், புதிய விமானிகள் வந்து சேரும்வரை என்று இரண்டு வாரம் கூடுதலாகப் பறக்கச் சிலர் முன்வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவர்களைத் தடுக்க ஒருவருமில்லை. ஜான் பெட்டாக் அப்படித் தங்கியவர். ஜூலை 10-ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வீடு திரும்பியவர்களிலும் பலர் மறுபடி படையில் சேர்ந்தார்கள். ஜேம்ஸ் ஹோவர்டு 1944 ஜனவரியில் ஜெர்மனியின் வானில், தனியொருவராக முப்பதுக்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை எதிர்த்து நின்று, அமெரிக்காவின் மிக உயர்ந்த படைத்துறை விருதான கௌரவப் பதக்கத்தைப் பெற்றார்.

நிறைவாக, அருள்மொழி அவர்கள் இதுவரை தொடாத ஒரு பகுதியைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். குழுவில் விமானிகள் ஏறத்தாழ நூறு பேர்தான். அதைப்போல் இரு மடங்கினர் இயந்திரப் பணியாளர்கள், ஆயுதப் பணியாளர்கள், வானொலியாளர்கள், எழுத்தர்கள். மருத்துவர்களும் செவிலியரும் இருந்தார்கள். அந்த 500 டாலர் இவர்கள் யாருக்கும் கிடையாது. உதிரிபாகம் வராத நாள்களில், விழுந்த விமானத்திலிருந்து கழற்றி அடுத்த விமானத்தைப் பறக்கவைத்தவர்கள் இவர்கள்; விமானிகளின் பெயர் பரவிய அளவுக்கு இவர்களில் ஒருவர் பெயரும் பரவவில்லை. 1991-இன் ஏற்பு இல்லையென்றால், முன்னாள் படைவீரருக்குரிய மருத்துவ உதவிக்கோ கல்லறை மரியாதைக்கோ இவர்களுக்கு உரிமையே இருந்திருக்காது. பரிசுத்தொகை ஒருவரைப் படைவீரர் தகுதியிலிருந்து விலக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அதைப் பெறாத இந்தப் பணியாளர்களுக்கு அந்த உரிமையை எந்தக் காரணத்தால் மறுப்பீர்கள்?