சிவப்பு, நீல பீட்டில்ஸ் சிடிகள் (அட்டை நிறத்தால் அறியப்படும் இரண்டு பாடல் தொகுப்புகள்): 1993, 2010, 2023 பதிப்புகளில் ஒலி எப்படி மாறுகிறது? – கேட்டவர்கள் சொல்லுங்கள்

▪ நீலத்தில் 'ஐ ஆம் தி வால்ரஸ்' பாட்டை ஹெட்போனில் போடுங்கள். இரண்டு நிமிடம் வரை இடமும் வலமும் விரிந்து கேட்கும். திடீரென்று எல்லாம் நடுவில் வந்து சுருண்டுவிடும். 1993, 2010 இரண்டிலும் இதே கதைதான். வட்டில் கீறலும் இல்லை, பிளேயரில் பழுதும் இல்லை. 1967இல் மோனோ (இடம், வலம் என்று பிரியாத ஒரே ஒலி) மிக்ஸ் போடும்போது வானொலியில் ஓடிய 'கிங் லியர்' நாடகத்தை அப்படியே நேரடியாகக் கலந்துவிட்டார்கள். அதற்குத் தனி டிராக் கிடையாது. அதனால் ஸ்டீரியோவின் பின்பாதிக்கும் அந்த மோனோவையே போலி ஸ்டீரியோவாக்கி ஒட்டினார்கள்.

▪ அது சரி. 2010தான் தெளிவு என்று பலர் சொல்வதுதான் உறுத்துகிறது. அது 2009 ரீமாஸ்டரிலிருந்து (பழைய மிக்ஸையே மெருகேற்றியது) வந்தது. லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அமுக்கும் கருவி) போட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறார்கள். சத்தம் கூடினாலே காதுக்குத் தெளிவு மாதிரிதான் படும்.

▪ 2023ஐயும் ரீமாஸ்டர் என்று எழுதுகிறார்களே, அது ரீமிக்ஸ் ஐயா, குரலையும் கருவிகளையும் புதிதாகக் கலந்தது! 'ஷி லவ்ஸ் யூ'வின் மூல டேப் மிஞ்சவில்லை, மோனோ மட்டுமே இருந்தது. அதிலிருந்து குரலையும் டிரம்ஸையும் மென்பொருளால் பிரித்து ஸ்டீரியோ ஆக்கியிருக்கிறார்கள். சிவப்பில் 38, நீலத்தில் 37 பாட்டு. சிடியில் புதிதாகச் சேர்த்த பாட்டுகளைக் கால வரிசையில் நடுநடுவே செருகிவிட்டதால் பழைய வரிசை போச்சு.

▪ யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில், பிழையைச் சரிபார்க்கும் செக்யூர் முறையில் சிடியைக் கணினியில் ரிப் (நகல்) செய்யுங்கள். ஒவ்வொரு டிராக்குக்கும் அது காட்டும் பீக் (உச்சச் சத்த) அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வட்டுகளில் எல்லா டிராக்குக்கும் பீக் ஒன்றாகவே இருந்தால் பெரும்பாலும் ஒரே மாஸ்டரிங் (வட்டுக்காக ஒலியைச் செம்மைப்படுத்திய வேலை). அட்டை, பார்கோடு மாறியிருந்தாலும் ஏமாறாதீர்கள். பிறகு ரீப்ளேகெயின் வசதியைப் போட்டுச் சத்தத்தைச் சமன் செய்துவிட்டு, ஃபூபார் என்ற பிளேயர் மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனை: ஒலிப்பது இரண்டில் எது என்று பார்க்காமலே காதால் சொல்ல வேண்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால்தான் காதை நம்பலாம்; 9, 10 எல்லாம் குருட்டாம்போக்கு. ஒன்றின் ஒலி அலையைத் தலைகீழாக்கி இன்னொன்றோடு கூட்டி, மிஞ்சும் வித்தியாசத்தைப் பார்க்கும் வித்தை 1993க்கும் 2010க்கும் இடையே பலிக்காது. டேப்பிலிருந்து வெவ்வேறு காலத்தில் எடுத்தவை. வேகம் இம்மி மாறினாலே சில நொடிகளில் விலகிவிடும்.

▪ இவ்வளவு அளந்தீர்கள், நேரத்தை யாரும் அளக்கவில்லையே. 1993 சிவப்பு மொத்தம் 26 பாட்டு, ஏறத்தாழ 63 நிமிடம். 74 நிமிடம் கொள்ளும் ஒரே வட்டில் தாராளமாக அடங்கியிருக்கும். இரண்டு வட்டாக்கி இரண்டு வட்டு விலைக்கு விற்றார்கள்!